அப்பாவின் கடல் நோட்டு

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் வீட்டுப் பத்திரம், ஞானஸ்நானச் சான்றிதழ்கள், பாட்டியின் ஜெபமாலை இவற்றோடு ஒரு நோட்டும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் நீள நோட்டு. அட்டை போய்விட்டது. உப்பும் டீசலும் ஏறித் தாள்கள் பழுத்து, தொட்டால் பிசுபிசுக்கும். உள்ளே பக்கம் பக்கமாகக் கடலில் இடம் குறிக்கும் எண்கள். பாகை, கலை, அதன்பின் மூன்று தசம இலக்கம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அப்பாவின் கோணல் எழுத்தில் ஓரிரு சொற்கள்: "பெரிய பார்", "கலவா உண்டு", "வலை கிழியும்", "மே மாசம் சுறா".

அப்பா ஆழ்கடல் தொழிலாளி. குமரி மாவட்டத்தில், இரயுமன்துறையில் தொடங்கி நீரோடி வரை கடலுக்கும் ஏ.வி.எம். கால்வாய்க்கும் நடுவே ஒட்டிக்கொண்டு கிடக்கும் எட்டு ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. வெளியில் எல்லோரும் பொதுவாகத் தூத்தூர்க்காரர்கள் என்பார்கள். இங்குள்ள ஆண்கள் கொச்சியிலிருந்து படகேறி முப்பது நாள், நாற்பது நாள் தங்கல் போட்டுச் சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போடுகிறவர்கள். லட்சத்தீவைத் தாண்டிப் போவது இவர்களுக்குப் பக்கத்து ஊருக்குப் போவது போல.

ஒருமுறை ஒரு படகு முதலாளி அந்த நோட்டை நகல் எடுத்துக்கொள்ள மட்டும் ஒரு லட்சம் தருகிறேன் என்று வீட்டுக்கே வந்தார். அக்காவின் கல்யாணக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். அப்பா டீ கொடுத்து அனுப்பிவிட்டார். "அது இருவது வருசக் கடல், மக்களே. அதுக்கு வெல போட எனக்குத் தெரியாது" என்றார் என்னிடம்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் தகவல்தொடர்பு மின்னணுவியல் சொல்லித் தருகிறேன். அலைக்கற்றை, செயற்கைக்கோள், ஏல விலை என்று வகுப்பில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வரும். மாணவர்களிடம் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் தாத்தா காலத்தில் கடலில் இடம் குறிக்க மலையும் கோயிலும் போதும். அகத்தியமலைப் பக்கத்து ஒரு முகடும் கரையிலிருக்கும் ஒரு கோயில் கோபுரமும் ஒரே நேரில் வரவேண்டும். அதே சமயம் வேறு பக்கம் பார்த்தால் இன்னொரு குன்றும் இன்னொரு அடையாளமும் நேரில் வரவேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கல்லைக் கட்டி இறக்கினால் அடியில் பார், அதாவது மீன் கூடும் பாறைத்திட்டு, இருக்கும். கட்டுமரத்தில் நின்றுகொண்டு இதைச் செய்தார்கள். கரை கண்ணை விட்டு மறைந்துவிட்டால் இந்த வித்தை நின்றுவிடும். அதற்கு அப்பால் நட்சத்திரம், நீரோட்டம், தண்ணீரின் நிறம், அனுபவம்.

தொண்ணூறுகளின் பின்பகுதியில் கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் எங்கள் ஊருக்கு வந்தன. அப்பாவும் சித்தப்பாவும் பங்கு போட்டு ஒன்று வாங்கினார்கள். முதலில் அதை அவர்கள் முழுசாக நம்பவில்லை. போன தடவை குறித்த பாருக்கு அடுத்த தடவை எண் பார்த்துப் போனால் இடம் விலகியிருக்கும். சுற்றிச் சுற்றித் தேட வேண்டும், டீசல் எரியும். பிறகு ஒரு வருடம் அது சரியாகிவிட்டது. அப்பா அதை இன்றும் அதிசயம் போலத்தான் சொல்வார்: "ஒரு நாள் பெட்டிக்குப் புத்தி வந்துது. போட்ட எடத்துல போய் நிக்குது. கல்லு எறக்கினா நேரே பார் மேல."

அந்த ஒரு நாளுக்குத் தேதி உண்டு என்பது நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் அமைப்பு. பொதுமக்களுக்குக் கொடுக்கும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். நூறு மீட்டர் வரைக்கும் இடம் தப்பும். 2000-ஆம் ஆண்டு மே 1 அன்று அதிபர் பில் கிளிண்டன் அறிவித்து, அன்று நள்ளிரவோடு அந்தப் பிழை நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் துல்லியம் பத்து, இருபது மீட்டருக்குள் வந்தது. வாஷிங்டனில் எடுத்த ஒரு முடிவு அரபிக்கடலில் ஒரு சின்னப் பாருக்கு மேல் என் அப்பாவின் டீசல் செலவைக் குறைத்தது. இதை நான் விடுமுறைக்கு வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாருக்கும் காசு குடுக்கலியே நாம" என்றார்.

அதுதான் விஷயம். ஜிபிஎஸ்ஸுக்கு யாரும் கட்டணம் கட்டுவதில்லை. 2019-இல் அமெரிக்காவின் ஆர்டிஐ இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டது: எண்பதுகளிலிருந்து 2017 வரை ஜிபிஎஸ்ஸால் அந்த நாட்டுத் தனியார் துறைக்கு மட்டும் கிடைத்த பலன் சுமார் 1.4 லட்சம் கோடி டாலர். ஒரு நாள் நின்றுபோனால் இழப்பு சுமார் 100 கோடி டாலர். இந்தக் கணக்கில் தூத்தூர்க்காரர்களின் டீசல் இல்லை, வேறு எந்த நாட்டு மீனவரின் டீசலும் இல்லை.

அந்த சிக்னல் எவ்வளவு மெலிது என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். செயற்கைக்கோள் இருப்பது சுமார் 20,200 கி.மீ. உயரத்தில். அது அனுப்பும் ஆற்றல் பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுக்குத்தான். கீழே படகில் வந்து சேரும்போது, ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கின் அளவில்தான் இருக்கும். சுற்றியிருக்கும் சாதாரண இரைச்சலைவிடத் தாழ்ந்த குரல். 1575.42 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கிசுகிசுப்பு நம் காதில் விழுகிறது என்றால், பக்கத்து அலைவரிசைகளில் யாரும் கத்தாமல் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் ஊரில் கரமடி (கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை) இழுப்பதற்கு முறை உண்டு. கடற்கரை எல்லோருக்கும் பொது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் மடி வளைத்தால் ஒருவருக்கும் மீன் கிடையாது, வலைதான் சிக்கும். அதனால் இன்றைக்கு யார் முதலில், அடுத்து யார், எந்த எல்லைக்குள் என்று ஊர் கூடி முடிவெடுத்து வைத்திருக்கிறார்கள். முறை தவறினால் கோயில் பங்குப் பேரவை கூப்பிட்டுக் கேட்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகத்துக்குச் செய்வது இந்த வேலைதான். எந்த அலைவரிசை கப்பலுக்கு, எது விமானத்துக்கு, எது வானிலைக்கு, எது கைபேசிக்கு என்று எல்லா நாடுகளும் கூடி உட்கார்ந்து முறை வைக்கின்றன. அலைக்கற்றை தீர்ந்துபோகிற பொருள் இல்லை. நேற்று பயன்படுத்தியது இன்றும் அப்படியே இருக்கும். ஆனால் ஒழுங்கில்லாமல் போனால் ஒரே நிமிடத்தில் எல்லோருக்கும் கெட்டுப்போகும். கடற்கரை மாதிரி.

அமெரிக்காவில் லைட்ஸ்குவேர்டு என்ற நிறுவனம் 2011-இல் ஜிபிஎஸ்ஸுக்குப் பக்கத்து அலைவரிசையில் நாடு முழுக்க நாற்பதாயிரம் கோபுரங்கள் வைத்து இணையம் கொடுக்கத் திட்டமிட்டது. அந்த அலைவரிசை அதுவரை செயற்கைக்கோள்களுக்கு ஒதுக்கியிருந்த அமைதியான தெரு. சோதித்துப் பார்த்ததில் விமானங்களின், விவசாய இயந்திரங்களின் ஜிபிஎஸ் கருவிகள் தடுமாறின. 2012 பிப்ரவரியில் அரசு திட்டத்தை நிறுத்தியது, மே மாதம் நிறுவனம் திவால் மனு போட்டது. கோடிக்கணக்கான பேருக்கு இணையம் கிடைத்திருக்குமே என்று வாதாடியவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும் நான் கிசுகிசுப்பின் பக்கம்தான் நிற்பேன். புதிய கோபுரத்துக்கு வேறு தெரு தேடலாம். மேலே சுற்றும் செயற்கைக்கோளையும், உலகம் பூராவும் ஏற்கெனவே விற்றுப்போன கருவிகளையும் யாரால் மாற்ற முடியும்?

நம் நாட்டில் அலைக்கற்றை என்றாலே ஏலம்தான் நினைவுக்கு வரும். 2022 ஆகஸ்டில் முடிந்த ஐந்தாம் தலைமுறை ஏலத்தில் 1,50,173 கோடி ரூபாய்க்குக் கேட்டார்கள். அதற்குப் பத்து ஆண்டு முன்பு, 2012 பிப்ரவரி 2 அன்று, 2ஜி வழக்கில் 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது 1995 பிப்ரவரி 9-இல் வந்த தீர்ப்பு. கிரிக்கெட் ஆட்டத்தை யார் ஒளிபரப்புவது என்ற வழக்கு அது. அதில்தான் காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கிரிக்கெட்டுக்காகச் சொன்னது கட்டுமரத்துக்கும் பொருந்தும்.

ஏலம் விடுவதை நான் குறை சொல்லவில்லை. கைபேசி எங்கள் கரையை மாற்றியதைக் கண்ணால் பார்த்தவள் நான். அம்மா தலைச்சுமையாக மீன் விற்றவள். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, சாளை என்றால் சாளை, நெத்திலி என்றால் நெத்திலி, அதைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போனபிறகுதான் அங்கே ஏற்கெனவே நாலு வண்டி மீன் வந்து விழுந்திருப்பது தெரியும். அன்றைக்கு எடுத்த விலைக்குப் பாதிக்குக் கொடுத்துவிட்டு வருவாள். வீட்டில் இரவு சண்டை நடக்கும். கைபேசி வந்தபிறகு சந்தையில் இருக்கும் தோழியைக் கூப்பிட்டு, "எக்கா, மீன் கெடக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏலத்தில் வாய் திறப்பாள்.

ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் இதையே வடகேரளத்தில் அளந்தார். 1997 முதல் 2001 வரை காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் கைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக வந்த காலம். கோபுரத்தின் வீச்சு கடலுக்குள் இருபது, இருபத்தைந்து கி.மீ. போனது. அதற்கு முன்பு, ஒரே காலையில் வடகரைக் கரையில் வாங்க ஆளில்லாமல் சாளையைக் கடலில் கொட்டப் போகிறார்கள், பதினைந்து கி.மீ.க்குள் இருக்கும் வேறு கரைகளில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் வெறுங்கையோடு கிளம்புகிறார்கள். பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் அப்படி வீணானது. கைபேசி வந்தபின் அந்த வீண் நின்றது. கரைக்குக் கரை விலை வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். 2007-இல் வந்த அந்தக் கட்டுரையை வாசித்த அன்று அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். "இதுக்கு வெளிநாட்டுலேருந்து ஆளு வரணுமா, நான் சொல்லியிருப்பேனே" என்றாள். சரிதான். ஆனாலும் அவள் சொன்னதை யாரும் எண்ணில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

இருபத்தைந்து கி.மீ.க்கு அப்பால் அந்தக் கோபுர வீச்சு கண்ணுக்குத் தெரியாமல் முடிந்துவிடும். கைபேசியில் ஒவ்வொரு கட்டமாகக் குறைந்து சிக்னல் போவதைப் பார்த்துக்கொண்டே எங்கள் ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள். கடைசிக் கட்டம் இருக்கும்போது வீட்டுக்கு ஒரு அழைப்பு. அதன்பின் ஒரு மாதத்துக்கு ஒன்றுமில்லை.

இருப்பது வயர்லெஸ் மட்டும். விஹெச்எஃப். பார்வைக்கோட்டில் போகும் அலை. பூமியின் வளைவுக்கு அப்பால் இறங்காது. படகுக்குப் படகு பத்துப் பதினைந்து நாட்டிக்கல் மைல், உயரமான கோபுரம் இருந்தால் முப்பது வரை. அதனால் எங்கள் ஆட்கள் செய்தியைக் கைமாற்றித்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள். தூரத்துப் படகு அடுத்த படகிடம் சொல்லும், அது அடுத்ததிடம். குழந்தை பிறந்த சேதியும் சாவுச் சேதியும் இப்படித்தான் கடலில் நடந்து போகும். உலகம் முழுக்க ஆபத்துக்கென்று ஒதுக்கியிருப்பது பதினாறாம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். நம் கரையில் அந்தச் சேனலில் பாட்டுப் போடும் தம்பிகளுக்கு இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: தயவுசெய்து வேறு சேனலுக்குப் போய்விடுங்கள். அங்கே ஒருவன் மூழ்கிக்கொண்டே பேச முயலலாம்.

2017 நவம்பர் 29 காலையில் இலங்கைக்குப் பக்கத்தில் அது ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 30-ஆம் தேதி காலையில் குமரிக்கடலில் புயல். அதற்கு ஒக்கி என்று பேர். இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு கரைக்குப் பக்கத்தில் புயல் உருவானது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நினைவிலேயே இல்லை. மேலே இன்சாட்-3டி, இன்சாட்-3டிஆர் இரண்டும் மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டேதான் இருந்தன. 36,000 கி.மீ. உயரத்திலிருந்து அந்தச் சுழலைப் பார்க்க முடிந்தது. அதன் அடியில் இருந்தவர்களுக்குச் சொல்ல வழி இல்லை. அவர்கள் பத்து நாள், பதினைந்து நாள் முன்பே போனவர்கள்.

என் சித்தப்பா மகன், எனக்கு மூன்று வயது மூத்த அண்ணன், அந்தக் கடலில் இருந்தான். படகின் ஸ்ராங்கு, படகை நடத்துகிறவன், அவன்தான்.

அந்த நாட்களை விரிவாக எழுத எனக்கு இன்னும் முடியவில்லை. கோயிலில் பெண்கள் தரையிலேயே கிடந்தார்கள். கரையில் உள்ள வயர்லெஸ் செட்டைச் சுற்றி இருபத்துநாலு மணி நேரமும் ஆட்கள். ஒவ்வொரு படகின் பேரையும் ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இரைச்சல்தான் திரும்பி வந்தது. நான் ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். கடைசியாக எங்கே இருந்தார்கள் என்று எண் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். எண் இல்லாமல் எங்கே தேடுவது என்று அந்தக் குரல் கேட்டது. கேட்டதில் தப்பில்லை. கடல் அவ்வளவு பெரியது. சாட்டிலைட் போன் இருந்ததா என்றும் கேட்டார்கள். உரிமம் இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். அன்று எங்கள் படகுகளில் எத்தனை பேருக்கு அந்த உரிமம் இருந்திருக்கும்?

கைமாற்றி வந்த செய்தியால் பிழைத்த படகுகளும் உண்டு. எங்கோ ஒரு படகுக்குக் கரையிலிருந்து எச்சரிக்கை எட்டி, அது அடுத்ததுக்குச் சொல்லி, அவர்கள் லட்சத்தீவுப் பக்கம் ஒதுங்கினார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி தூரமாகிப் போன இடத்தில் அதற்கு அப்பால் இருந்தவர்களுக்கு எதுவும் எட்டவில்லை. எங்கள் எட்டு ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அண்ணனும் திரும்பவில்லை.

அதற்குப்பின் வந்தவை பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிஜமாகவே நிறைய வந்திருக்கிறது. அரசு மானியத்தில் சாட்டிலைட் போன்கள் வந்தன. 2019 அக்டோபரில் ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ஜெமினி என்ற கருவியைக் கொடுத்தார்கள். விமானங்களுக்காக உருவாக்கிய ககன் அமைப்பின் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையும் மீன் கூடும் இடங்களும் நடுக்கடலுக்கு வந்து சேரும். (மீன் கூடும் இடம் என்பது கடலின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்வது. அப்பா முதலில் நம்பவில்லை. பிறகு அவரே கண்டுகொண்டார்: தண்ணி நிறம் மாறும் ஓரத்தில் மீன் நிற்கும் என்று தாத்தா சொன்னதையே அதுவும் சொல்கிறது.) ஆனால் ஜெமினி ஒருவழிப் பாதை. கடலில் இருப்பவர் கேட்கலாம், பேச முடியாது.

இஸ்ரோ 2010-இலிருந்தே மீனவர்களுக்கு ஆபத்து எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கொடுத்துவந்தது. படகு மூழ்குகிறதா, தீயா, ஆள் விழுந்துவிட்டானா, மருத்துவ உதவியா என்று அதற்குரிய பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குப் போகும். அதில் இருந்த குறை, அழுத்தினவனுக்கு எதுவும் திரும்பி வராது. உன் குரல் கேட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டி வேலை செய்கிறதா, யாராவது வருகிறார்களா, விடியும்வரை பிடித்துக்கொண்டு கிடப்பதா, இல்லை நீந்திப் பார்ப்பதா? 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் பதில் வருகிறது. செய்தி கிடைத்துவிட்டது என்று கரையிலிருந்து ஒப்புதல் போகும். மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது, ஒப்புதல் சிக்னல் என்ற பாடத்தை நான் அந்த இருட்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன். ஒரு சின்னச் செய்திப் பொட்டலம். அது வந்தால் மனுஷன் இன்னும் நாலு மணி நேரம் தாங்குவான்.

இப்போது படகுகளில் டிரான்ஸ்பாண்டர் வைக்கிறார்கள். நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளுக்கு, 364 கோடி ரூபாயில். 2015-இல் மேலே போன ஜிசாட்-6 என்ற செயற்கைக்கோளின் ஆறு மீட்டர் விரிகுடை ஆன்டெனா அந்த மெலிந்த சிக்னலைப் பிடிக்கிறது. இரண்டு பக்கமும் செய்தி போகும். படகு எங்கே என்று கரைக்குத் தெரியும். 2017-இல் அந்த அலுவலகம் என்னிடம் கேட்ட எண் இனி தானாகவே கரைக்கு வரும்.

364 கோடியை 1,50,173 கோடியோடு வைத்துப் பார்த்தேன். நூறு ரூபாய்க்குக் கால் ரூபாய் கூட இல்லை. பொதுச்சொத்தை விற்ற காசில் கால் சதவீதத்துக்கும் குறைவான தொகையில் ஒரு லட்சம் படகுகளை நடுக்கடலில் கண்டுபிடிக்க முடிகிறது என்றால், இது ஏன் 2017-க்கு முன்பே வரவில்லை என்று நான் கேட்பேன். கேட்டுக்கொண்டே இருப்பேன்.

எனக்குப் பிடித்த இன்னொரு அலைவரிசை 406 மெகாஹெர்ட்ஸ். கப்பலோ விமானமோ விபத்தில் சிக்கினால் அதிலுள்ள கருவி இந்த அலைவரிசையில் கூப்பிடும். கோஸ்பாஸ்-சார்சாட் என்ற அமைப்பின் செயற்கைக்கோள்கள் கேட்கும். 1979-இல் இதை உருவாக்க ஒப்புக்கொண்டவை கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் யூனியன். பனிப்போரின் நடுவில்! ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் ஏவுகணை வைத்திருந்த நேரம். முதல் செயற்கைக்கோளை சோவியத் 1982 ஜூனில் ஏவியது. அது கேட்ட சிக்னலால் அதே ஆண்டு செப்டம்பரில் கனடாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்து மூன்று பேரை மீட்டார்கள். அதற்கும் முன்பு, கப்பல்களில் மோர்ஸ் இருந்த காலத்தில், 500 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு மணியிலும் பதினைந்தாவது நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமும், நாற்பத்தைந்தாவது நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமும் உலகத்தில் உள்ள எல்லாக் கப்பல் ஆபரேட்டர்களும் கையை எடுத்துவிட்டுக் கேட்க மட்டும் வேண்டும். ரேடியோ அறைக் கடிகாரத்தில் அந்த மூன்று நிமிடத் துண்டுகளைச் சிவப்பில் தீட்டியிருப்பார்கள். எவனாவது மெலிந்த குரலில் கூப்பிட்டால் கேட்கட்டும் என்று. அந்தச் சிவப்புத் துண்டுக்கு ஏலத்தில் எவ்வளவு கேட்பார்கள்?

திருவனந்தபுரத்துக்கு வடக்கே தும்பா இருக்கிறது. அதுவும் எங்களைப் போன்ற மீனவ ஊர். விக்ரம் சாராபாய் ராக்கெட் தளத்துக்கு இடம் கேட்டு வந்தபோது, பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரேரா ஊர் மக்களிடம் கேட்டு, புனித மரிய மக்தலேனா கோயிலையும் சுற்றியிருந்த வீடுகளையும் விட்டுக்கொடுக்கச் செய்தார். எங்கள் எட்டு ஊரும் தமிழ்நாட்டில் இருந்தாலும் மறைமாவட்டம் திருவனந்தபுரம்தான். அதனால் அவர் எங்களுக்கும் பிஷப். 1963 நவம்பர் 21 அன்று அந்தியில் முதல் ராக்கெட் போய், சோடியம் ஆவியை வானில் விட்டது. பாட்டி அதைக் கரையில் நின்று பார்த்ததாகச் சொல்வாள். செம்மஞ்சளாக ஒரு புகை, வெயில் போனபிறகும் எரிந்துகொண்டிருந்ததாம். "நம்ம சனம் கோயிலக் குடுத்து வாங்கின வெளிச்சம்" என்பாள். இந்திய விண்வெளிக்கு முதல் இடம் கொடுத்தவர்கள் மீனவர்கள். அங்கிருந்து எங்கள் படகில் டிரான்ஸ்பாண்டர் ஏற அறுபது வருடம் ஆயிற்று.

அண்ணனின் தம்பி இப்போது அதே தொழிலுக்குப் போகிறான். சித்தி தடுத்துப் பார்த்தாள், நானும் தடுத்துப் பார்த்தேன். படகில் எல்லாக் கருவியும் இருக்கிறது. முதல் தங்கலுக்குக் கிளம்பும் முன்பு வீட்டுக்கு வந்தான். அப்பா இரும்புப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். ஒரு லட்சத்துக்குக் கொடுக்காத நோட்டு. அவன் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகத் தன் பிளாட்டரில், படகுக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் திரையில், ஏற்றினான். நான் வாசித்தேன், அவன் அழுத்தினான். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு எண் சிவப்பு மையில் இருந்தது. பக்கத்தில் சொல் எதுவும் இல்லை. புயல் முடிந்து பத்து நாளுக்குப் பிறகு தப்பி வந்த வேறொரு படகின் ஸ்ராங்கு, கடைசியாக அண்ணனின் குரலை வயர்லெஸில் கேட்டபோது அவன் சொன்ன இடம் என்று அப்பாவிடம் சொன்னது. அப்பா இத்தனை வருடம் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. நான் வாசிக்காமல் நின்றுவிட்டேன்.

"வாசி மக்களே" என்றார் அப்பா.

வாசித்தேன். தம்பி ஏற்றினான். பெயர் கேட்டது கருவி. அவன் அண்ணனின் பெயரை அடித்தான்.

போன மாதம் கரைக்கு வந்தபோது சொன்னான்: கொச்சியிலிருந்து போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கம் தாண்ட வேண்டியிருக்கிறது. அரை மைல் இருக்கும்போதே பிளாட்டர் கூப்பிட்டுவிடும். அவன் எஞ்சினைக் குறைத்துவிட்டு, பதினாறாம் சேனலில் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, மூன்று நிமிடம் கேட்டுக்கொண்டிருப்பானாம்.